குரங்கு குலுக்கிய சராசரி

மழை பொய்த்த காட்டில் ஏரிக்கரையில் மட்டும் புல் பச்சையாக நின்றது. அதைச் சுற்றி முள்வேலி. உள்ளே மேய யானை ராஜாவுக்கு மட்டும்தான் உரிமை. உள்ளே நின்ற ஒரே நாவல் மரம் மந்திரி குரங்குக்கு.

வேலிக்கு வெளியே, வெண்ணி என்ற சருகுமானின் மடி வற்றிக்கொண்டிருந்தது. அவள் குட்டி முட்டி முட்டிப் பார்த்துவிட்டு வெறும் வாயை மென்றது.

"வேலியைத் திறங்க ராஜா," என்றாள் வெண்ணி.

"நான் நியாயஸ்தன். புலம்பினா திறக்க மாட்டேன், கணக்கு சொன்னா திறப்பேன்," என்றது யானை. "இந்தக் காட்டுல ஒரு பிராணிக்கு ஒரு நாளைக்குச் சராசரியா பத்து வாய் தீனிகூடக் கிடைக்கலைன்னா வேலியை எடுத்துடலாம். மந்திரி, விசாரி."

குரங்கிடம் ஒரு கணினி இருந்தது. புலிகளை எண்ண வந்தவர்கள் மறந்துவிட்டுப் போனது. அதில் ஒரு விரிதாளைத் திறந்து, கட்டத்துக்கு ஒன்றாக எல்லாப் பிராணிகளின் பெயரையும் அடித்து வைத்திருந்தது.

"எல்லாரையும் கேட்க ஏது நேரம்? இந்தப் பொத்தானைத் தட்டினா பேரெல்லாம் சீட்டுக் குலுக்கின மாதிரி கலையும். மேல வர்ற அஞ்சு பேரைக் கேட்டுச் சராசரி போடுவேன். எவருக்கும் சலுகை கிடையாது."

முறை சரிதான் என்று வெண்ணிக்கே பட்டது. ஆனாலும் மறுநாள் காலையில் புதருக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

குரங்கு தட்டியது. முயல், முள்ளம்பன்றி, இன்னொரு முயல் என்று பெயர்கள் வந்தன. முகத்தைச் சுளித்தது. மறுபடி தட்டியது. ஒட்டி உலர்ந்த புள்ளிமான்கள். "ச்சே!" தட்டியது, தலையைச் சொறிந்தது, திரும்பவும் தட்டியது. வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு, மூங்கில் மேட்டில் கொழுத்துத் திரியும் காட்டெருமைகள் நான்கின் பெயர்கள் ஒன்றாக மேலே வந்து நின்றன. குரங்கு பொத்தானிலிருந்து கையை எடுத்தது.

சபையில் அது அறிவித்தது. "சராசரி பதினாறு வாய். காடு செழிப்பாக இருக்கிறது."

காட்டெருமைகள் ஏப்பம் விட்டு ஆமோதித்தன.

"எத்தனை தடவை தட்டினீங்க மந்திரியாரே?" என்று கேட்டாள் வெண்ணி.

"அது எதுக்கு உனக்கு? ஒரு பேரையாவது நான் மாத்தினேனா? எல்லாம் தானா வந்தது."

"வந்தது தானாத்தான். நிறுத்தினது யாரு?"

சபை கொல்லென்று சிரித்தது. யானைக்குப் பாதிதான் புரிந்தது. "கணினி பொய் சொல்லாதும்மா," என்றது.

"சொல்லாது ராஜா. அதை உண்மை சொல்ல விடணுமே! நீங்களே துதிக்கையால தட்டுங்க. ஒரே தடவை, எல்லார் முன்னாலயும்."

யானை தட்டியது. பெயர் வந்த ஐந்தும் அங்கேயே தங்கள் கணக்கைச் சொல்லின. சராசரி ஏழு.

"ஒரே ஒரு குலுக்கலை நம்பி ராஜ்யம் நடத்துறதா?" என்று குரங்கு குதித்தது. "இன்னும் தட்டணும்!"

"தாராளமா. ஆனா வந்ததையெல்லாம் வெச்சுக்கணும். பிடிச்சதை மட்டும் எடுக்கக் கூடாது."

மணலில் கோடு கிழித்து எண்களைக் குறித்தார்கள். ஒவ்வொரு குலுக்கலின் சராசரிக்கும் அந்த எண்ணின் மேல் ஒரு கூழாங்கல். ஆறு, எட்டு, ஏழு, ஐந்து, மறுபடி ஏழு. பொழுது சாய்வதற்குள் ஏழைச் சுற்றிக் கற்கள் மேடாகிவிட்டன. பதின்மூன்றில் மட்டும் ஒற்றைக் கல் கிடந்தது. குரங்கு ஓடிப்போய் அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டது. "இதுதான் நிஜம். மத்ததெல்லாம் ஏதோ கோளாறு!"

யானை கல்மேட்டைப் பார்த்தது. குரங்கின் கையைப் பார்த்தது. எழுந்துபோய் வேலியை மிதித்துச் சாய்த்தது.

சில நாட்களில் வெண்ணியின் மடி சுரந்தது. குட்டி வயிறு முட்டக் குடித்துவிட்டு அவள் மேலேயே சாய்ந்து தூங்கியது. வேலியை எடுத்தது தன் யோசனைதான் என்று குரங்கு கிளை கிளையாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தது.

பிடித்த விடை வரும்வரை குலுக்கிக்கொண்டே இருப்பவன், ஏற்கெனவே முடிவுசெய்துவிட்ட பொய்க்குச் சாட்சி தேடுகிறான்.