பாலத்துக்கு இடம் சொன்ன ஓடக்காரி

மேகங்கள் தரையிறங்கி நடமாடும் பவளமலை நாட்டை வெகு காலத்துக்கு முன்னால் மழவராயன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் நினைத்தது நினைத்த கணமே நடந்தாக வேண்டும். ஒருநாள் விடியலில் அவனுக்கு ஒரு கனவு. நொச்சியாற்றின் மேல் வெள்ளை வெளேரென்று ஒரு பாலம். அதில் கொக்குகள் வரிசையாக நடந்து போகின்றன.

கண் விழித்தவன், “அரண்மனைச் செலவில் அந்தப் பாலத்தைக் கட்டுங்கள்!” என்றான்.

சிற்பநூல் கற்ற சிகாமணிப் பண்டிதர் அன்றைக்கே வரைபடத்தோடு வந்தார். “அரசே, ஆலமேட்டடியில் கட்டுவோம். உப்பரிகையில் நின்றால் தங்கள் கண்ணுக்கு அழகாகத் தெரியும்.”

புங்கந்துறை ஓடக்காரி மருதாயிக்குச் சேதி எட்டியது. ஆலமேட்டடி என்றதும் துடுப்பைக் கரையில் போட்டுவிட்டு நேரே சபையில் போய் நின்றாள்.

“ராஜா, அங்கே கட்டினால் நிற்காது. ஆற்றங்கரையிலேயே கிடக்கிற எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

சிகாமணி சிரித்தார். “பாலம் வந்தால் இவள் பிழைப்பு போய்விடும் அரசே. அதுதான் முட்டுக்கட்டை போடுகிறாள்.”

“பிழைப்பு போகும்தான்” என்றாள் மருதாயி. “போன ஐப்பசி வெள்ளத்தில் என் தங்கைக்குப் பிரசவ வலி. மருத்துவச்சி அக்கரையில். ஓடம் விட முடியவில்லை. இக்கரையில் நின்று கத்திக்கொண்டே இருந்தேன். தாயும் போனாள், பிள்ளையும் போனது. எங்களுக்குப் பாலம் வேண்டும் ராஜா. நிற்கிற பாலம் வேண்டும்.”

அரசன் மீசையைத் தடவினான். “சரி, நாளைக் காலையில் நிரூபி. தவறினால் உன் ஓடம் அரண்மனைக்கு.”

“ஆகட்டும் ராஜா. பண்டிதர் சொன்ன இடத்தில் அவரே முதலில் இறங்கட்டும். நாங்கள் சொல்லும் இடத்தில் தாங்கள் இறங்குங்கள்.”

“அரசரை ஆற்றில் இறக்குவதா?” என்று பதறினார் சிகாமணி.

“ஏன் பண்டிதரே, நான் என்ன வெல்லமா, கரைந்துபோக?” என்றான் அரசன்.

மறுநாள் காலை ஆறே தெரியவில்லை. பால் காய்ச்சிக் கவிழ்த்தது போலப் பனிமூட்டம். ஆலமேட்டடியில் சிகாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிடுக்காக இறங்கினார். மூன்றாம் அடியில் முழங்கால் புதைந்தது. ஐந்தாம் அடியில் இடுப்பு. மேலே மணல், அடியில் சேறு!

“ஐயோ, யாராவது பிடியுங்களேன்!”

ஊரார் கயிறு வீசி அவரை இழுத்துப் போட்டார்கள்.

பிறகு மருதாயி அரசனைத் தன் துறையின் புங்கமரத்தடிக்குக் கூட்டிப்போனாள். அவன் தண்ணீரில் கால் வைத்ததும் பனிக்குள்ளிருந்து ஒரு குரல்: “இங்கே வாங்க ராஜா! இது நான் துணி துவைக்கிற பாறை.” ஒரு கை நீண்டு அவன் கையைப் பற்றியது. அடுத்த குரல் மாடு மேய்க்கிறவருடையது: “என் மாடுகள் கடக்கிற தடம் இது, வெள்ளம் இல்லாத நாளில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறாது.” இன்னொரு கை. அடுத்து வலை வீசுகிற ஒரு பெண். ஊரே ஆற்றில் இறங்கி, இக்கரைக்கும் அக்கரைக்குமாக வரிசை கட்டி நின்றிருந்தது. முகம் தெரியாத கைகள் ஒன்றிடமிருந்து ஒன்றாக அவனை வாங்கிக்கொண்டன. தூங்கிக்கொண்டே நடப்பது போல இருந்தது அரசனுக்கு. கண் விழித்தாற்போல் பார்த்தான், அக்கரையில் நின்றிருந்தான். பாதத்தின் கீழ் நெடுகப் பாறை.

“பண்டிதரே,” என்று கூவினான், “இனி எந்த ஊரில் எதைக் கட்டினாலும் அந்த ஊர்க்காரர்கள் சரி என்ற பிறகுதான் நீர் எழுதுகோலைத் தொட வேண்டும். இந்தப் பாலத்துக்கு மருதாயிதான் மேற்பார்வை.”

சேறு சொட்டச் சொட்டச் சிகாமணி தலை குனிந்தார்.

அரசன் பொருள் கொடுத்தான். ஊர் தோள் கொடுத்தது. மறு ஐப்பசிக்குள் பாலம் எழுந்துவிட்டது. திறப்பு நாளில் அரசன் ஆளுயரக் கல்லொன்றைக் கொண்டுவந்தான். “என் பெயரை இதில் பொறித்து நடப் போகிறேன். எங்கே நடலாம்? உங்களைக் கேட்காமல் செய்ய மாட்டேன்.”

ஊரார் கூடிப் பேசினார்கள். மருதாயி வந்து சொன்னாள்: “ராஜா, கோபித்துக்கொள்ளக் கூடாது. இதைப் படுக்கப் போட்டு ஒரு சுமைதாங்கி ஆக்கித் தாருங்கள். தலைச்சுமையோடு வருகிறவர்கள் இறக்கி வைக்க இடமில்லை.”

“அப்படியானால் என் பெயர்?”

“சுமையை இறக்கியதும் எல்லாரும் ‘அப்பாடா’ என்பார்கள் ராஜா. அது தங்களைச் சொன்னதுதான்.”

அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு மேலாடையை இடுப்பில் கட்டிக்கொண்டு, கல்லின் ஒரு முனைக்குத் தானே தோள் கொடுத்தான்.