நுரை ஏறும் வரை

குருவுக்கு முப்பத்து நான்கு வயது. சீடருக்கு அறுபத்தொன்று. வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் இதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. மீன் விஷயத்தில் யாருக்கு விவரம் தெரியுமோ அவர்தான் அங்கே பெரியவர்.

குருவின் பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடிக்காரர். வீடு வீடாகக் கடல்மீன் தொட்டி அமைத்துத் தருவது அவர் தொழில். சீடர் தணிகாசலம், மின்சார ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் ஜெசிந்தாவின் கடைக்குப் போய்ப் பாடம் கேட்பார். மகள் வயதுக்காரியை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

அவர் வீட்டுத் தொட்டியில் இரண்டே மீன்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடி. மனிதர் அவற்றிடம் கொஞ்சுகிற கொஞ்சலைக் கேட்டு, அவர் பெற்ற பிள்ளைகளே பொறாமைப்பட்டார்கள்.

அந்தத் தொட்டியின் பழைய ஸ்கிம்மர் ஒருநாள் நின்றுபோனது. உப்புத் தண்ணீரில் கரைகிற கழிவை நுரையாக மேலே தள்ளிக் கிண்ணத்தில் சேர்க்கிற இயந்திரம் அது. அது இல்லாவிட்டால் மீன் தன் அழுக்கிலேயே மூச்சு முட்டிப் போகும். தணிகாசலம் புதிதாக ஒன்றை வாங்கித் தானே பொருத்தினார்.

முதல் நாள் நுரை பொங்கித் தரையெல்லாம் வழிந்தது. வால்வைக் குறைத்தார். நுரை அடியோடு நின்றது. கூட்டினார். பால் மாதிரி வெறும் குமிழிகள் வந்து உடைந்தன. மறுபடி குறைத்தார். இப்படியே நான்கு நாள் போயிற்று.

ஐந்தாம் நாள் காலை பெண்மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

"டீச்சர், பொண்ணு மூச்சு வாங்குறா. உடனே வாங்க."

ஜெசிந்தா வந்தார். வந்ததும் இயந்திரத்தின் பக்கமே போகவில்லை. கொண்டுவந்த உப்புத் தண்ணீரில் இரண்டு பக்கெட் மாற்றினார். காற்று பம்ப் ஒன்றை மாட்டினார். அப்புறம்தான் தொட்டியின் கீழ் அலமாரியைத் திறந்து ஸ்கிம்மர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எதையும் தொடவில்லை.

பத்து நிமிஷம் ஆயிற்று. அதற்குள் தணிகாசலத்தின் கை மூன்று தடவை வால்வுக்குப் போய்விட்டது.

"சார், கையைக் காட்டுங்க."

நீட்டினார். ஜெசிந்தா முகர்ந்து பார்த்தார்.

"தேங்காய் எண்ணெயா?"

"காலைல தலைக்கு வெச்சேன். நாப்பது வருஷப் பழக்கம்."

"எண்ணெய்க் கை தண்ணியில பட்டா ஏறுற நுரையும் உடைஞ்சு போயிடும் சார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கையை விடுறீங்க?"

"மணிக்கு ஒரு தடவை இருக்கும்."

"தூங்க மாட்டீங்களா?"

"அலாரம் வெச்சு எழுந்துக்கறேன்" என்றார் தணிகாசலம். அதைச் சொல்வதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஜெசிந்தா சிரிக்கவில்லை.

"மெஷின்ல கோளாறு ஒண்ணும் இல்ல. புது தோசைக்கல் மாதிரிதான் இதுவும். பழகணும். பிளாஸ்டிக்ல ஒட்டியிருக்கிற பிசுக்கு போகணும், உள்ளே மெல்லிசா வழுவழுப்பு படியணும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"அது என்கிட்ட சொல்லல சார்."

தணிகாசலத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"முப்பது வருஷம் வண்டி ஓட்டினவன் நான். பிடியை அழுத்திக்கிட்டே இருக்கணும். கையை எடுத்தா அந்த நிமிஷமே பிரேக் விழும். பின்னால ரெண்டாயிரம் பேர் உக்காந்திருப்பாங்க. என்னைப் போய்ச் சும்மா இருன்னா எப்படி டீச்சர்?"

ஜெசிந்தா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கையுறையை மாட்டினார். வால்வின் தலையில் இருந்த சின்னச் சிவப்புப் பிடியை நேராக மேலே இழுத்துக் கழற்றினார். துடைத்துத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை மூடினார்.

"டீச்சர்!"

"நுரை ஏறினா ஃபோன் பண்ணுங்க."

"ஏறலைன்னா?"

"தினம் ரெண்டு பக்கெட் தண்ணி மாத்துங்க. இரையைப் பாதியாக்குங்க."

"மீன் செத்துட்டா?"

ஜெசிந்தா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "சாகலாம் சார்."

ஆறாம் நாள் நுரை இல்லை. ஏழாம் நாளும் இல்லை. ஈவு இரக்கம் இல்லாத பொம்பளை என்று தணிகாசலம் சுவரைப் பார்த்துத் திட்டினார். ஃபோனை எடுத்தார், வைத்தார். தண்ணீர் மாற்றினார். வேறு வேலையில்லாத கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

எட்டாம் நாள் மத்தியானம் பெண்மீன் அடிமணலில் ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தது. ஆண்மீன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தது.

தணிகாசலம் ஓடிப்போய்க் கருவிகள் இருந்த டப்பாவைக் கவிழ்த்துக் குறடை எடுத்தார். பிடி போனால் என்ன, வால்வின் தண்டு இருக்கிறதே. மண்டியிட்டு அலமாரிக்குள் தலையை விட்டார். குறடின் வாயைத் திறந்தார். இன்னும் ஓர் அங்குலம்.

அப்போதுதான் குறடின் மூட்டில் மிஷின் எண்ணெய் மினுங்குவது கண்ணில் பட்டது. ஒரு சொட்டு கீழே திரண்டு தொங்கியது.

இன்னொரு கையால் அந்தச் சொட்டை ஏந்திக்கொண்டு மெல்லப் பின்னால் நகர்ந்தார். என் பெண்ணை என் கையாலேயே கொன்றிருப்பேனே என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

அலமாரியை மூடினார். வீட்டையும் பூட்டினார். வில்லிவாக்கம் ஸ்டேஷனுக்கு நடந்துபோய் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் ஓட்டாத வண்டிகள் வந்தன, போயின. பொழுது சாய்ந்த பிறகுதான் வீடு திரும்பினார். அலாரம் வைக்காமல் படுத்தார்.

காலையில் அவரை எழுப்பியது நாற்றம். ஸ்கிம்மரின் கழுத்தில் கெட்டியான நுரை மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. கிண்ணத்தின் அடியில் கடுந்தேநீர் நிறத்தில் அழுக்கு தேங்கியிருந்தது. அந்த நாற்றத்தை அவர் மல்லிகைப்பூ வாசனையைப் போல இழுத்து இழுத்து முகர்ந்தார்.

பெண்மீன் மூலையை விட்டு வந்திருந்தது. ஒரு சிட்டிகை இரை போட்டார். ஒரு துணுக்கைக் கவ்வியது. துப்பியது. மறுபடி கவ்வி விழுங்கியது.

பத்து மணிக்கு ஜெசிந்தா வந்தார். கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்து மூக்கைச் சுளித்துக்கொண்டார். முகத்தில் திருப்தி தெரிந்தது.

தணிகாசலம் பேனாவும் காகிதமுமாக வந்து நின்றார்.

"டீச்சர், உங்களைக் கண்டபடி திட்டிட்டேன், மன்னிச்சுக்கங்க. ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. அன்னைக்கு வால்வை எந்த அளவுல வெச்சுட்டுப் போனீங்க? நானும் எவ்வளவோ திருகிப் பார்த்தேன், அந்த இடம் எனக்குச் சிக்கலையே!"

ஜெசிந்தா கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"நான் எங்க சார் வெச்சேன்? நீங்க கடைசியா கையை எடுத்த இடத்துலயேதான் நிக்குது."