முள்ளம்பன்றி வீட்டுக் கதவு

ஒரு காட்டில், அது ரோமாபுரிக்குப் பக்கத்துக் காடு, மிருகங்களுக்கும் நகரத்து மனிதர்களைப் போல ஆட்சி நடத்த ஆசை வந்தது. ஓநாய்களும் நரியும் சேர்ந்து செனட் என்று ஒரு சபை வைத்துக்கொண்டன. சட்டம் போடுவது அவற்றின் வேலை. மானும் முயலும் ஆமையும் என்ன செய்யும், பாவம்! தங்களுக்காகப் பேச ஒருவரைத் தேர்ந்தெடுத்தன. அந்தப் பதவிக்கு ட்ரிப்யூன் என்று பெயர்.

சட்டம் போட்டு முடிவதற்குள் ட்ரிப்யூன் சபைக்கு வந்து "வீட்டோ!", அதாவது 'தடுக்கிறேன்', என்று ஒரு சொல் சொன்னால் போதும். எப்பேர்ப்பட்ட சட்டமும் அங்கேயே நின்றுவிடும். அவர்மேல் யாரும் கை வைக்கக் கூடாது. ஆனால், எளியவர்கள் எப்போது வந்தாலும் அவர் வாசல் திறந்திருக்க வேண்டும்.

கை வைக்க முடியாத மிருகம் எது? முள்ளம்பன்றிதான்! அதுவே ட்ரிப்யூன் ஆயிற்று. நல்ல மிருகம்தான். மரியாதை என்றால் மட்டும் மயங்கிவிடும்.

கோடை வந்தது. காட்டில் ஒரே ஓர் ஊற்றுதான் மிஞ்சியது. நரி ஒரு மரக்கதவோடு முள்ளம்பன்றியின் வளைக்கு வந்தது.

"ஐயா, செனட்டில் எல்லார் வீட்டுக்கும் கதவு இருக்கிறது. தங்கள் வீடு மட்டும் திறந்து கிடக்கலாமா?"

"என் வாசல் திறந்திருக்க வேண்டுமே!"

"திறப்பதற்குத்தானே ஐயா கதவு! கதவே இல்லாவிட்டால் எதைத் திறப்பீர்கள்?"

முள்ளம்பன்றிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றே கதவை வாசலில் மாட்டிக்கொண்டது.

மறுநாள் காலையில் கதவு தடதடவென்று அதிர்ந்தது. வந்தது மான்.

"ஐயா! சபையைத் திடீரென்று கூட்டிவிட்டார்கள். ஊற்றைப் பறிக்கப் பார்க்கிறார்கள். ஓடி வாருங்கள்!"

கதவோ நல்ல தடிமன். உள்ளே தட்டும் சத்தம்தான் கேட்டது, சொல் கேட்கவில்லை. 'எவனோ அவசரக்காரன். யாரோ தட்டியதும் பெரிய பதவியில் இருப்பவர் ஓடிப் போய்த் திறப்பதா? கொஞ்சம் காத்திருக்கட்டும்' என்று முள்ளம்பன்றி புரண்டு படுத்தது.

ஆற அமர அது கதவைத் திறந்தபோது மான் அழுதுகொண்டு நின்றது. செய்தி கேட்டதும் முள்ளம்பன்றி விழுந்தடித்து ஓடி, "வீட்டோ! வீட்டோ!" என்று கத்திக்கொண்டே சபைக்குள் நுழைந்தது.

"தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறீர்களே ஐயா!" என்று நரி சிரித்தது. "சட்டம் போட்டாகிவிட்டது. கோரைப்பல் இல்லாதவர்களுக்கு இனி ஊற்றில் தண்ணீர் இல்லை."

"எனக்குமா?"

"தங்களுக்குக் கோரைப்பல் இருக்கிறதா?"

"என்னை ஏமாற்றிவிட்டாய்!"

"நாங்கள் உங்கள்மேல் கை வைத்தோமா? கதவுதானே வைத்தோம்!"

அன்றே மானும் முயலும் ஆமையும் தண்ணீர் தேடி வேறு காட்டுக்குப் புறப்பட்டுவிட்டன. முள்ளம்பன்றியிடம் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. அது வீட்டுக்குப் போய், கண்ணீர் வழிய, அந்தக் கதவைக் கடித்துத் துண்டு துண்டாக்கிப் போட்டது. பிறகு திறந்த வாசலில் நாக்கு வறள உட்கார்ந்திருந்தது. யாரும் வரவில்லை.

நீதி: எளியவர்களுக்காகப் பேச வந்தவன் தன் வாசலை அடைத்தால், தன் வாயையே அடைத்துக்கொள்கிறான்.