உள்ளே உறைந்த கொட்டாங்குச்சி

மேகம் கீழே கிடக்க, ஊர் மேலே கிடந்த ஒரு மலையிலே பனிக்கொம்பை என்று ஒரு ஊர் இருந்ததாம். அந்த ஊருக்கு ஒரு மணியக்காரர் இருந்தாராம், ஒரு சின்னப்பிள்ளைப் பள்ளிக்கூடம் இருந்ததாம், அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் செவந்தி என்று ஒரு வாத்தியாரம்மா இருந்தாளாம். ராஜா மட்டும் அங்கே இல்லை. அவர் கீழே வெயிலில் இருந்தார். ராஜாக்கள் அப்படித்தான்.

மார்கழி பிறந்தால் புல்லின் மேல் உப்புக் கொட்டின மாதிரி உறைபனி விழும். பள்ளிக்கூடத்துக் கூரை ஒரு பக்கம் பிய்ந்து கிடந்தது. அதனால் பிள்ளைகள் அடுப்பு மூட்டிக் குளிர்காயட்டும் என்று ராஜா வருஷாவருஷம் வண்டி வண்டியாக விறகு அனுப்புவார். விறகு மலை ஏறும், மணியக்காரர் வீட்டு வாசல் வரைக்கும் ஏறும், அதற்கு மேல் ஏறாது.

வாத்தியாரம்மா போய்க் கேட்டாள். "மணியக்காரரே, பிள்ளைங்களுக்கு விறகு வரலையே?"

"வந்துச்சே, எரிஞ்சு போச்சே."

மறுபடியும் போய்க் கேட்டாள். "ஈரமா இருந்துச்சும்மா, காயப் போட்டிருக்கேன்" என்றார்.

மறுபடியும் போனாள். "சின்னப்பிள்ளைங்கன்னா ஓடியாடினா தானா சூடு வந்துடும். நீ எதுக்கு உட்கார வச்சுப் பாடம் சொல்ற?" என்றார்.

கேட்டீர்களா பேச்சை? போர்வை போர்த்தினவன் வாயிலிருந்துதான் இந்த மாதிரி யோசனை வரும்.

அவள் பார்த்தாள். விறகுதான் இல்லை, குளிர் நிறைய இருக்கிறதே, அதையே பாடமாக்கினாள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது ஆளுக்கொரு கொட்டாங்குச்சியில் தண்ணீர் ஊற்றிப் பிடித்த இடத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும், காலையில் வந்து பார்த்து, உறைந்ததா, இல்லையா, ஏன் என்று சொல்ல வேண்டும். புல்வெளியில் வைத்தது கல்லாகிவிட்டது. மரத்தடியில் வைத்தது ஏடு மட்டும் கட்டியது. மாட்டுத்தொழுவத்தில் வைத்தது தண்ணீராகவே இருந்தது. "மாடு மூச்சு விட்டுச்சு, அதான்" என்றான் போஜன். எல்லாரும் சிரித்தார்கள், சிரித்தபோது வாயிலிருந்து புகை வந்தது. அந்தப் பாடத்துக்கு ஒரே ஒரு சட்டம். பார்க்காமல் பதில் சொல்லக்கூடாது.

பாடம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் ரங்கி என்ற பிள்ளை இருமத் தொடங்கியிருந்தாள். அந்த இருமலைக் கேட்கும்போதெல்லாம் வாத்தியாரம்மாவுக்கு எழுத்து மறந்துபோகும். அவள் கீழே போகிற உப்பு வண்டிக்காரனிடமெல்லாம் ராஜாவுக்குச் சேதி சொல்லி அனுப்பினாள். சிரித்தார்கள். மறுபடியும் சொன்னாள். பைத்தியம் என்றார்கள். மறுபடியும் சொன்னாள். மூன்று பனிக்காலம் போன பிறகு ராஜா வந்தார். நல்ல ராஜா என்று நினைத்துவிடாதீர்கள், சேதி காதைக் குடைந்தது, வந்தார்.

ராஜா வருகிற காலையில் மணியக்காரர் முந்திக்கொண்டு வந்தார். "இந்தா பாரு, ராஜா பிள்ளைங்ககிட்ட குளிருதான்னு கேப்பாரு. ஒரு பிள்ளை குளிருதுன்னு சொல்லட்டும், இந்த மலை படிப்புக்கு லாயக்கில்லைன்னு சொல்லிப் பள்ளிக்கூடத்தைப் பூட்ட வச்சிடுவேன். அப்புறம் எல்லாம் எருமை மேய்க்கத்தான் போகணும்."

செய்யக்கூடியவர்தான். குளிருது என்றால் பள்ளிக்கூடம் போகும், குளிரவில்லை என்றால் ரங்கி போய்விடுவாளோ? பிள்ளைகளிடம் என்ன சொல்லிக் கொடுப்பது என்று தெரியாமல் வாத்தியாரம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பிள்ளைகளோ மணியக்காரர் பேச்சைக் கேட்டுவிட்டிருந்தன.

ராஜா வந்தார், கம்பளிக்குமேல் கம்பளி போர்த்தி வந்தார். போஜனைக் கேட்டார். "குளிருதாப்பா?"

"குளிரல ராஜா." உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது.

ரங்கியைக் கேட்டார். "குளிருதாம்மா?"

"கு... கு... குளிரல." பல் தந்தியடித்தது, பிறகு இருமினாள்.

"பார்த்தீங்களா மகாராஜா, தினமும் அடுப்பு எரியுது" என்றார் மணியக்காரர்.

மூன்றாவதாக மாதி என்ற பொடிசைக் கேட்டார். அவள் எழுந்து நின்றாள். "இன்னும் பார்க்கலையே. பார்த்துட்டுத்தான் சொல்லணும்."

"எதைப் பார்க்கணும்?"

"கொட்டாங்குச்சியை."

"சின்னது மகாராஜா, உளறுது" என்றார் மணியக்காரர்.

"உளறினா என்ன, நானும் பார்க்கிறேன்" என்றார் ராஜா.

முதலில் போஜனுடையதைப் பார்த்தார்கள். முந்தின நாள் அவன் சோம்பேறித்தனமாக அதை வகுப்புக்குள்ளேயே, அடுப்பின் மேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான். ராஜா விரல் விட்டார், விரல் போகவில்லை. தட்டினார், டொக்கென்றது.

"என்னய்யா, அடுப்பு மேல இருக்கிற தண்ணி கல்லாயிருக்கு?"

மணியக்காரர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"என்னுது வெளியே இருக்கு" என்று மாதி முன்னால் ஓடினாள். ஓடினாள், ஓடினாள், வாத்தியாரம்மா பயந்துகொண்டே பின்னால் ஓடினாள், ராஜா மூச்சு வாங்க நடந்தார். மணியக்காரர் வீட்டுப் பின்சுவர் ஓரம் அது இருந்தது. சுற்றிலும் புல் வெள்ளை வெளேரென்று கிடக்க, அதில் மட்டும் தண்ணீர் தளும்பியது. ராஜா விரல் விட்டார், வெதுவெதுப்பாக இருந்தது. எடுக்க மனசில்லாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"உள்ளே வச்சது உறைஞ்சிருக்கு, வெளியே வச்சது உறையலை. ஏன் பாப்பா?"

மாதி சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். "இதுக்குள்ளே ராத்திரியெல்லாம் எரியுது ராஜா. எங்களுக்குக் குளிருது."

அந்த வீட்டுக் கதவைத் திறந்தால் வெந்நீர் அடுப்பு ஜோராக எரிந்துகொண்டிருக்கிறது, பக்கத்தில் அரண்மனை அடையாளமாகச் சுண்ணாம்புக்கோடு போட்ட விறகு கூரை முட்ட அடுக்கியிருக்கிறது.

ராஜா மணியக்காரரைப் பார்த்தார். "ஓடியாடினா சூடு வருமாமே, உப்பு வண்டிக்காரன் சொன்னான். ஓடும். இந்த விறகையெல்லாம் உம்ம தலையிலேயே சுமந்து பள்ளிக்கூடம் சேர்க்கணும். பனிக்காலம் முடியற வரைக்கும் அங்கேயே, கூரை பிய்ஞ்ச பக்கமா, போர்வை இல்லாம உட்காரணும். பிள்ளைங்க எல்லாம் குளிர்காய்ஞ்ச பிறகுதான் நீரும் அடுப்புக்கிட்ட வரலாம்."

அப்படியே நடந்தது. தினமும் காலையில் வாத்தியாரம்மா, "மணியக்காரரே, குளிருதா?" என்று கேட்பாள். அவர் வாய் திறப்பதற்குள் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து, "பார்த்துட்டுச் சொல்லுங்க" என்பார்கள்.

ரங்கிக்கு இருமல் நின்றது. ஆனால் அடுத்த மார்கழிக்கு விறகு வண்டி மலை ஏறியபோது, வாத்தியாரம்மா ராஜாவை நம்பிப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வண்டிப் பாதையிலேயே நின்றாள்.

பிள்ளைகள் அடுப்பு எரிந்தது, திருடி எரித்தவன் நடுங்கினான். கொடுத்ததாகச் சொன்னால் நம்பாதே, வந்ததா என்று பார். இவ்வளவுதான் கதை, கையைப் போர்வைக்குள்ளே வை.