முட்டுக்கல் சாமி

மலைமேல் ஓர் ஊர். அந்த ஊரில் சமமான தெரு என்று ஒன்றைக் காட்டிவிட்டால் மொட்டை போட்டுக்கொள்ளலாம். அங்கே ஒரு கிழட்டு லோடு வேன் இருந்தது. பெயர் செண்பகவல்லி. சொந்தக்காரன் காத்தமுத்து, வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தவன். ஊரில் எந்தக் கல்யாணமானாலும் அவனுடைய அண்டாவும் நாற்காலியும் செண்பகவல்லி முதுகில் ஏறித்தான் போக வேண்டும்.

செண்பகவல்லிக்கு ஹேண்ட் பிரேக் செத்து வருஷக்கணக்காகிவிட்டது. கம்பியை இழுத்தால் செத்த பாம்பு மாதிரி மேலே வரும். "கேபிள் ஒண்ணு மாத்திடுங்கண்ணே" என்று மெக்கானிக் தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தான். காத்தமுத்து சிரிப்பான். "கல்லுதான் இருக்கே!"

ஆமாம், கல் இருந்தது. சீட்டுக்கடியில் ஒரு கருங்கல். வண்டி நின்றதும் காத்தமுத்து காலால் பிரேக்கை மிதித்தபடியே குனிந்து கல்லை எடுப்பான், கதவைத் திறந்து பக்கத்தில் நிற்பவன் எவனிடமாவது நீட்டுவான், அவன் அதைப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பான். அப்புறம்தான் காத்தமுத்து கீழே இறங்குவான். ஊரே பழகிப்போன சடங்கு.

செண்பகவல்லிக்கு உலகத்தில் பயம் ஒன்றே ஒன்று. கோயில் தெரு ஏற்றத்தின் அடியில் பழைய இரும்புக் கடை இருந்தது. அதன் வாசலில் தொங்கிய பெரிய தராசு, அவள் போகும்போதெல்லாம் மேலும் கீழும் ஆடி அவளை எடை போட்டுப் பார்க்கும். அடுப்பில் அரிசி வைத்துவிட்டுக் கோழியைப் பார்க்கிறவன் பார்வை அது.

இந்த நிலையில் போலீஸ் வழியில் மடக்கிப் பார்த்ததில், அவளுடைய எஃப்.சி. காலாவதியாகிப் பல மாதமாகிவிட்டது தெரிந்துபோயிற்று. தகுதிச் சான்று இல்லாமல் வண்டி ரோட்டில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முகூர்த்த மாதமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

காத்தமுத்து அசரவில்லை. "ஊருக்கே அண்டா குண்டா வாடகைக்கு விடறவன் நான். எனக்கு நாலு டயர் வாடகைக்குக் கிடைக்காதா?"

கிடைத்தது. எஃப்.சி. காட்டுவதற்கென்றே இருக்கிற டயர்கள். இன்றைக்கு இந்த வண்டி, நாளைக்கு அந்த வண்டி. தீயணைப்பு உருளையும் முதலுதவிப் பெட்டியும்கூட இரவல். மேலே ஒரு பூச்சு பெயிண்ட். செண்பகவல்லி தன்னைக் கடைக் கண்ணாடியில் பார்த்துத் தானே வெட்கப்பட்டாள்.

ஏறின நிமிஷத்திலிருந்து டயர்களின் அலட்டல்தான். "நாங்க பாக்காத இன்ஸ்பெக்டரா? மைதானத்துல ஒரு சுத்து, அவ்வளவுதான்."

"லோடு ஏத்திப் போயிருக்கீங்களா?" என்று கேட்டது சீட்டுக்கடியில் இருந்த கல்.

"சீச்சீ! லோடு ஏத்தற ஆளுங்களா நாங்க? ஏம்மா செண்பகம், யாரு இது? இதை இன்ஸ்பெக்டர் பாத்தா ஹேண்ட் பிரேக் கதை வெளிய வந்துடும். கழட்டி விடு."

செண்பகவல்லிக்கு மானம் போனது. "இன்னிக்கு ஒருநாள் இறங்கிக்கோயேன்," என்றாள் கல்லிடம், முகம் கொடுக்காமல்.

"இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிஞ்சாளாம் ஒருத்தி," என்றது கல். காத்தமுத்துவுக்கும் கல்லைக் கழற்றிவிடும் யோசனைதான் போலிருக்கிறது. சோதனை மைதானத்துக்குள் நுழையும்போது அதை எடுத்து வாசல் ஓரத்தில் வீசினான்.

இன்ஸ்பெக்டர் மலர்க்கொடி நிதானமான பெண்மணி. ஸ்கூட்டரை வாசலுக்குள் நிழலில் நிறுத்திவிட்டு வந்தார். டயரைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், ஹாரனை அடிக்கச் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். காத்தமுத்துவின் மீசை ஏறிக்கொண்டே போனது.

"சரி, அந்த மேட்டுல ஏத்தி நிறுத்துங்க. எஞ்சினை அணைச்சுட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு இறங்குங்க."

மீசை இறங்கியது. "ஐயா பிரேக்கு, இன்னிக்கு மட்டும் பிடிச்சுக்கய்யா," என்று கெஞ்சினாள் செண்பகவல்லி.

"கையில பிடிக்கக் கேபிள் வேணாமா தாயி?" என்றது ஹேண்ட் பிரேக்.

காத்தமுத்து இறங்கினான். வண்டியும் இறங்கியது, பின்பக்கமாக, வாசலை நோக்கி. "நில்லுங்கடா!" என்று டயர்களைப் பார்த்து அலறினாள் செண்பகவல்லி. "எங்களுக்கு உருளத்தான் தெரியும், நிக்கறதெல்லாம் வேற டிபார்ட்மெண்டு" என்று அவை குஷியாக உருண்டன. ஸ்கூட்டருக்கு ஒரு முழம் இருக்கும்போது பின்சக்கரம் எதிலோ முட்டி, குலுங்கி, நின்றது. அந்தக் கல்!

"வந்துட்டியா," என்றது கல். செண்பகவல்லிக்கு அழுகை வந்துவிட்டது.

மலர்க்கொடி குனிந்து பார்த்தார். "இந்த வண்டியில ஒழுங்கா வேலை செய்யறது ரோட்டுல கிடக்கற இந்தக் கல்லு ஒண்ணுதான். ஹேண்ட் பிரேக்கை சரி பண்ணிக் கொண்டுவந்து காட்டுங்க. அதுவரைக்கும் வண்டியை ஓட்டாதீங்க."

சொன்னது எத்தனை சுலபம்! ஆனால் காத்தமுத்து காதில் விழுந்தது வேறு. "மேடமே சொல்லிட்டாங்க, இது சாதாரணக் கல்லில்லை!" வரிசையில் நின்ற டிரைவர்கள் கூடிவிட்டார்கள். எல்லார் வண்டியிலும் ஏதாவது ஒன்று இரவல்தான். எல்லாருக்கும் ஒரு சாமி தேவைப்பட்டது. மஞ்சள் வந்தது, குங்குமம் வந்தது. வாசலுக்கு வெளியே மரத்தடியில் சிமெண்ட் குழைத்து, காத்தமுத்துவே தன் கையால் கல்லை நட்டான். தேங்காயும் உடைத்தான்.

"யோவ், நான் சாமி இல்லைய்யா! என்னைத் தூக்கி சீட்டுக்கடியில போடுய்யா!" என்று கத்தியது கல். சாமி பேசினால் யார் காதில் விழும்?

டயர்கள் கழன்று அடுத்த வண்டிக்குக் கிளம்பின. செண்பகவல்லி தன் பழைய மொட்டை டயர்களோடு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வீடு வந்தாள்.

முகூர்த்த நாள். "ஒரே ஒரு நடை. சாமி பாத்துக்கும்," என்றான் காத்தமுத்து. கோயில் தெரு ஏற்றத்தின் உச்சியில் கல்யாண வீடு. அண்டாக்களைச் சுமந்து மூச்சிரைக்க ஏறி நின்றாள் செண்பகவல்லி. கியரில் போட்டு நிறுத்தலாமென்றால் கியரும் கிழம், தானாக நழுவிவிடும். காத்தமுத்து பிரேக்கை மிதித்துக்கொண்டு, பழக்கத்தில் சீட்டுக்கடியில் கைவிட்டான். துழாவினான். அங்கே கல் இல்லை.

"யாராவது ஒரு கல்லு கொண்டாங்கப்பா!" என்று கத்தினான். உள்ளே கெட்டிமேளம். ஒருவன் காதிலும் விழவில்லை. மிதித்த கால் வலிக்க ஆரம்பித்தது.

"மிதிச்சுக்கிட்டே இரு, யாராவது வருவாங்க, விட்டுடாதே!" என்று செண்பகவல்லி பதறினாள்.

காத்தமுத்துவுக்கு வழி தோன்றிவிட்டது. "முட்டுக்கல் சாமீ!" என்று கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டான். செருப்புக் காலோடு சாமி கும்பிடலாமா? பாவமில்லையா? பயபக்தியோடு, பிரேக்கை மிதித்திருந்த காலைத் தூக்கிச் செருப்பைக் கழற்றினான்.

பாதி வழியில் அவன் ஒற்றைச் செருப்போடு வெளியே குதித்துவிட்டான். செண்பகவல்லிக்குக் குதிக்க இடமில்லை. அண்டாக்கள் முன்னும் பின்னும் உருள, ஏற்றம் முழுவதும் பின்வாக்கில் இறங்கி, அடிவாரத்துப் பழைய இரும்புக் கடைக்குள் போய்த்தான் நின்றாள்.

தராசு ஆடாமல் அசையாமல் காத்திருந்தது.

"வா தாயி," என்றது. "இங்க எஃப்.சி. எல்லாம் கேக்க மாட்டோம்."