வேடியப்பன் அடித்த வெற்றி முரசு

இரண்டு ராசாக்கள் ஆற்றின் இரு கரையிலும் கூடாரம் போட்டு, எதற்கென்றே மறந்துபோன சண்டையை வருஷக்கணக்காய் இழுத்துக்கொண்டு கிடந்தார்கள்.

பொறுமையிழந்த வடகரை ராசா முரசுக்காரன் வேடியப்பனைக் கூப்பிட்டார். "இன்று பொழுது சாய்வதற்குள் வெற்றி முரசு என் காதில் விழவேண்டும். இல்லாவிட்டால் உன் தலை உருளும்!"

"உத்தரவு மகாராசா" என்றவன், நேரே போய் ஓங்கி அடித்தான்.

வெற்றி முரசு கேட்டால் ஊர் திரும்பலாம் என்பது படை வழக்கம். வீரர்கள் கூடாரத்தைப் பிரித்து நடையைக் கட்டினார்கள். அதைப் பார்த்த தென்கரைக்காரர்கள், எதிரி ஓடுகிறான் என்று தங்கள் வெற்றி முரசை அடித்துவிட்டு அவர்களும் கிளம்பினார்கள்.

ராசா அந்தக் கரையையும் இந்தக் கரையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. "நாமும் ஜெயித்தோம், அவனும் ஜெயித்தான் என்றால், தோற்றவன் யாரடா?"

வேடியப்பன் ஆற்றோரத்துப் புதைமேடுகளைக் காட்டினான்.

"அவர்கள்தான் மகாராசா. எவ்வளவு ஓங்கி அடித்தும் ஒருத்தரும் எழுந்து வரவில்லை."