பின் சீட் இல்லாத புல்லட்

சதானந்தத்தின் புல்லட் தயாராகி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. தோப்பின் கேட்டை மட்டும் அது இன்னும் தாண்டவில்லை.

தோப்பு நாச்சியார் அம்மாவுடையது. கொல்லிமலை அடிவாரம், தென்னைகளுக்கு நடுவே ஓடு போட்ட ஒரு கூடம். காலையில் வந்து கண்ணை மூடி உட்கார நினைப்பவர்கள் உட்காரலாம். காவி கிடையாது, பாத பூஜை கிடையாது, உண்டியல் கிடையாது. அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அறுபதைத் தாண்டிய சதானந்தம் அவரை அம்மா என்பார். அவர் இவரை அண்ணா என்பார்.

மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு இங்கே வந்து சேர்ந்தவர் சதானந்தம். கண்ணை மூடினால் தூங்கிவிடுவார். குறட்டை கேட்டாலும் அம்மா எழுப்புவதில்லை.

"வீட்ல வராத தூக்கம் இங்கயாவது வரட்டும்" என்பார்.

புல்லட்டும் ஒரு நாள் மினி லாரியில் படுத்தபடி வந்து சேர்ந்தது. பத்து வருஷத்துக்கு மேல் வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் கிடந்த வண்டி. பம்ப்செட் ரூமுக்குப் பக்கத்தில் அதை நிறுத்திக்கொள்ள அம்மா இடம் கொடுத்தார். மனைவி புனிதவதியிடம் சதானந்தம் வேறு மாதிரி சொல்லியிருந்தார்.

"அந்த வண்டியப் பழைய இரும்புக்குப் போட்டுட்டேன்."

"சரி" என்றாள் புனிதவதி.

அந்தச் 'சரி'யை அவர் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பிறகு வேலை ஆரம்பித்தது. சைலன்சருக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. பெட்ரோல் டேங்க் முழுக்கத் துரு. கைப்பிடி பொடி ஜல்லியை உள்ளே போட்டுத் தோள் இறங்கும் வரை குலுக்கினார். கார்புரேட்டரைப் பிரித்தார், ஸ்பிரிங்கைத் தொலைத்தார், தேடி எடுத்தார், மறுபடியும் தொலைத்தார். வயரிங் மட்டும் தண்ணீர் பட்டபாடு. ஒரு காலை நேரத்தில் வண்டி உயிர் பெற்று 'டப் டப்' என்று முழங்கியபோது தென்னையில் இருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன. கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள்.

"இத்தனை மாசத்துல இன்னிக்குத்தான் எல்லாரும் ஒண்ணா முழிச்சிருக்கீங்க" என்றார் அம்மா.

அதற்குப் பிறகு தினமும் அதே கதை. சதானந்தம் வருவார், வண்டியை உதைத்துக் கிளப்புவார், சத்தத்தைக் கேட்பார், அணைப்பார், துடைப்பார். துடைத்த இடத்தையே மறுபடி துடைப்பார்.

ஒரு நாள் அம்மா வந்து நின்றார்.

"எப்பண்ணா ரோட்டுக்குப் போகுது?"

"ஹாரன் கொஞ்சம் கம்முதுங்கம்மா."

"நேத்து கண்ணாடி ஆடுதுன்னீங்க."

"அது சரியாயிருச்சுங்க."

"ஹாரனும் நாளைக்குச் சரியாயிரும். நாளன்னிக்கு என்ன கெடும்?"

சதானந்தம் கையிலிருந்த பழந்துணியை மடித்தார். மடித்ததைப் பிரித்தார்.

"ஒண்ணு கேக்கணுங்கம்மா."

"கேளுங்க."

"ஒரு தடவை தப்புப் பண்ணின காலை மறுபடியும் எப்படிங்கம்மா நம்பறது?"

அம்மா பம்ப்செட் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். சதானந்தம் சொன்னார்.

அந்தப் பழைய புல்லட்டில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. மற்ற வண்டிகளில் எல்லாம் அது தலைகீழ். வாரம் முழுக்க ஆபீஸ் வேலைக்கு வேறொரு வண்டி. ஞாயிறானால் புல்லட், பின்னால் புனிதவதி. காலுக்கு எல்லாம் தெரியும் என்றுதான் இருந்தார். சேந்தமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது குறுக்கே ஆடுகள் வந்தன. பிரேக் என்று நினைத்து வலது காலால் ஓங்கி மிதித்தார். மிதிபட்டது கியர். நிஜமான பிரேக்கின் மேல் இடது கால் சும்மா இருந்தது.

"ஆடெல்லாம் தப்பிச்சிருச்சுங்க. புனிதாவுக்கு இடுப்பு எலும்பு. பிளேட் வச்சிருக்கு. இன்னிக்கும் சாய்ஞ்சுதான் நடக்கறா."

"உங்களத் திட்டினாங்களா?"

"ஒரு வார்த்தை சொல்லலைங்கம்மா. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

சதானந்தமே தொடர்ந்தார்.

"லேத்துல குடுத்தா பிரேக்கை வலது பக்கம் மாத்திக் குடுத்துருவாங்க. மாத்திரலாமான்னு பாக்கறேன்."

"மாத்திட்டா கேட்டைத் தாண்டுவீங்களா?"

சதானந்தம் துணியை மறுபடி மடித்தார்.

அம்மா எழுந்து வண்டியைச் சுற்றி வந்தார். கறுப்புப் பெயின்ட்டில் முகம் தெரிந்தது. பின் மட்கார்டு பக்கத்தில் நின்றார்.

"பின் சீட் எங்கண்ணா?"

"அந்தக் காலத்து வண்டிக்கு ஒத்தை சீட்தாங்கம்மா லட்சணம்."

"இங்க வந்து இறங்கினப்ப ரெண்டு பேர் உக்கார்ற சீட் இருந்துச்சே."

"எலி கடிச்சிருச்சுங்க."

"எலி சைலன்சர்லயும்தான் இருந்துச்சு. அதக் கழட்டி வீசிட்டா ஓட்டறீங்க?"

சதானந்தம் ஹேண்டில்பாரில் இல்லாத ஒரு தூசியைத் துடைத்தார்.

"வண்டிய எடுங்க. தோப்பை ஒரு சுத்து சுத்திட்டு வாங்க."

அவர் எடுத்தார். தென்னைகளுக்கு நடுவே போய், கிணற்றைச் சுற்றி, சாணிக்குப்பையை ஒதுக்கி ஓட்டி வந்தார். வலது கால் கியரை மாற்றியது. இடது கால் பிரேக்கை மிதித்தது. அம்மாவின் முன்னால் வண்டி பூப்போல வந்து நின்றது.

"காலுக்கு என்ன குறை?" என்று கேட்டார் அம்மா.

"தனியாப் போறப்ப ஒண்ணுமில்லைங்கம்மா."

"எலி கடிச்ச அந்த சீட்டை எடுத்துட்டு வாங்க."

உர மூட்டைகளுக்குப் பின்னால் சாக்கில் சுற்றி வைத்திருந்தார். வீசுகிற பொருளை யாரும் அப்படிச் சுற்றி வைக்க மாட்டார்கள். அம்மா அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஒற்றை சீட்டைக் கழற்றி அதை மாட்டி போல்ட் முடுக்கும் வரை நிழலில் நின்று பார்த்தார். பின்சக்கரத்துப் பக்கம் கால் வைக்கும் பலகையையும் மாட்டச் சொன்னார். பிறகு போனை எடுத்தார்.

"புனிதாக்கா, கொஞ்சம் தோப்புக்கு வர்றீங்களா? இல்ல இல்ல, ஒண்ணும் ஆகலை. உங்க வீட்டுக்காரர் நல்லாத்தான் இருக்கார். அதனாலதான் கூப்பிடறேன்."

சதானந்தம் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அம்மா, அவகிட்ட இரும்புக்குப் போட்டுட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"தெரியும்."

"எப்படிங்கம்மா?"

அம்மா கூடத்துக்குள் போய்விட்டார்.

ஷேர் ஆட்டோ கேட்டில் நின்றது. புனிதவதி ஒரு பக்கம் சாய்ந்தபடி நடந்து வந்தாள். கையில் பெரிய கட்டைப்பை. வண்டிக்கு முன்னால் நின்று மேலிருந்து கீழே பார்த்தாள்.

"இரும்புக்குப் போட்ட வண்டி நல்லாப் பளபளன்னு இருக்கே."

"புனிதா, நான் வந்து..."

"உங்க பனியனை யாரு துவைக்கறா?"

"நீதான்."

"தியானம் பண்ணப் போற ஆளு மேல கிரீஸ் எப்படிங்க ஒட்டும்? நானும் கேக்கக் கூடாதுன்னு சீயக்காய் போட்டுப் பார்த்தேன், மண்ணெண்ணெய் போட்டுப் பார்த்தேன். போகலை. அப்புறம் அம்மாகிட்டதான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

"அப்பவே எங்கிட்டக் கேட்டிருக்கலாமே."

"நீங்களா வந்து சொல்வீங்கன்னு இருந்தேன். எனக்கு வேற வேலை?"

சதானந்தம் தரையைப் பார்த்தார். எறும்பு ஒன்று அவர் செருப்பைச் சுற்றிக்கொண்டு போனது.

"மறுபடியும் உன்னைக் கீழ போட்டுருவேனோன்னு பயம்" என்றார்.

"விழுந்தவ நான்" என்றாள் புனிதவதி. "எனக்கு அந்தப் பயம் ஆஸ்பத்திரியிலயே போயிருச்சு. நீங்கதான் அதை வீட்டுக்கு எடுத்துட்டு வந்து தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கீங்க. இத்தனை வருஷமா பஸ்ஸுல ஏத்திவிடறீங்க, ஆட்டோவுல ஏத்திவிடறீங்க. அத்தனை தடவையும் எங்கிட்டருந்து தள்ளியே நிக்கறீங்க. சாய்ஞ்சு நடக்கறவளைத் தன்கூடக் கூட்டிட்டுப் போக வெக்கப்படறாரோன்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"அய்யோ, அப்படி இல்ல புனிதா."

"இல்லன்னு இன்னிக்குத்தான சொல்றீங்க."

அவள் கட்டைப்பையைத் தரையில் வைத்தாள். உள்ளேயிருந்து ஒரு ஹெல்மெட்டை எடுத்தாள். அடியில் இன்னொன்றும் இருந்தது. பாலிதீன் உறைகூடப் பிரிக்கவில்லை.

"ஆடித் தள்ளுபடியில வாங்கி அரிசி டிரம்முக்குப் பின்னாடி வச்சிருந்தேன். இப்பத் தை பொறந்தாச்சு."

அம்மா கூடத்து வாசலில் வந்து நின்றார்.

சதானந்தம் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார். வாரை மாட்ட அவர் விரலுக்கு வரவில்லை, புனிதவதி மாட்டிவிட்டாள். கிக்கரை உதைத்தார். முதல் உதையில் வரவில்லை.

"அவசரப்படாதீங்க. ஆடு ஒண்ணும் வரலை" என்றாள் புனிதவதி.

மூன்றாம் உதைக்கு வண்டி முழங்கியது. அவர் இரண்டு காலையும் ஊன்றி வண்டியைச் சாய்த்துப் பிடித்தார். இடுப்பு சரியாக மடங்காததால் அவளால் பக்கவாட்டில்தான் ஏற முடிந்தது. ஏறுவதற்கு நேரம் பிடித்தது. பலகையில் கால் வைத்து, புடவையைச் சேர்த்துச் செருகிக்கொண்டு, அவர் தோளைப் பிடித்து உட்கார்ந்தாள். சீட்டின் எலி கடித்த ஓரத்தில் பஞ்சு பிதுங்கியது.

கூடத்தில் இருந்த ஒருவர் வந்து கேட்டைத் திறந்துவிட்டார். வெளியே ரோடு வெயிலில் கிடந்தது.

சதானந்தம் கியரைப் போடவில்லை. தலையைத் திருப்பி வாசல் பக்கம் பார்த்தார்.

"அம்மா," என்றார் வண்டிச் சத்தத்துக்கு மேலே, "இன்னொரு தடவை கால் தப்பிருச்சுன்னா?"

"என்னை எதுக்குண்ணா கேக்கறீங்க?" என்றார் அம்மா. "பின்னாடி நானா உக்காந்திருக்கேன்?"